முதல் ஏர் ரைபிள்: முழுசாக வாங்குவதா, பாகம் பாகமாகச் சேர்ப்பதா?

கிளப் ரைபிளில் ஐந்தாறு மாதம் சுட்டு, அறுபது ஷாட் தொடர்ந்து நிற்கப் பழகியதும் அடுத்த கேள்வி வந்துவிடும்: சொந்த ரைபிள் எப்போது, எது? 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, சைட் (குறிபார்க்கும் பாகம்) முதல் சிலிண்டர் (அழுத்தக் காற்று அடைக்கும் உருளை) வரை பெட்டியிலேயே எல்லாம் வரும் ரைபிள். இன்னொன்று, பழைய ஆக்‌ஷன் (பேரலும் டிரிகரும் சேர்ந்த சுடும் பகுதி) ஒருவரிடம், ஸ்டாக் (அதைத் தாங்கும் உடல்) இன்னொருவரிடம், டயாப்டர் (சிறு துளை வழியே பார்க்கும் பின் சைட்) வேறொரு இடத்தில் என்று தேடிச் சேர்த்துக் கட்டுவது. இரண்டாவதுதான் மலிவு என்று ரேஞ்சில் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. கணக்குப் போடும்போது எதையெல்லாம் விட்டுவிட்டுப் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் ரைபிளை முழுசாக வாங்குங்கள். புதிதோ பழையதோ, ஸ்டாக் எல்லாப் பக்கமும் நகரக்கூடியதாக இருக்கட்டும். ஒரு வருடம் அதில் சுட்ட பிறகு, உங்கள் உடம்பு கேட்கும் பாகத்தை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஆரம்பத்திலேயே பாகம் சேர்க்கக் கிளம்புகிறவர்களுக்குத் தங்கள் அளவே தெரியாது. அளவு தெரியாமல் வாங்கிய பாகம் ஆறு மாதத்தில் விற்பனைக்கு வரும், பாதி விலைக்கு.

ஏன் அளவு இவ்வளவு முக்கியம்? 10 மீட்டர் டார்கெட்டில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. ஒவ்வொரு வளையமும் 2.5 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. ஆகவே டெசிமல் கணக்கில் (பத்தையும் 10.0 முதல் 10.9 வரை பிரித்து எண்ணுவது) 0.1 புள்ளி என்பது 0.25 மில்லிமீட்டர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் தகுதிச் சுற்றில் 630.7 எடுத்தும் பத்தாவது இடம்தான். இறுதிச் சுற்றுக்குப் போனது எட்டுப் பேர். 630.7 என்றால் அறுபது ஷாட்டுக்கும் சராசரி 10.5-க்குக் கொஞ்சம் மேல். பெல்லட்டின் (சுடும் சின்ன ஈயக் குண்டின்) மையம் டார்கெட் மையத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றேகால் மில்லிமீட்டருக்குள் விழுந்துகொண்டே இருக்க வேண்டும்.

இப்போது இதன் மறுபக்கம். நல்ல மேட்ச் ரைபிளில் பெல்லட் நொடிக்கு 170 மீட்டர் வாக்கில் போகும். பத்து மீட்டரைக் கடக்க சுமார் 0.059 நொடி, அதற்குள் 17 மில்லிமீட்டர் கீழே இறங்கும். ரெகுலேட்டர் (ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே அழுத்தத்தில் காற்றை விடும் பாகம்) சரியில்லாமல் வேகம் 170-லிருந்து 167-க்கு இறங்கினால், பெல்லட் 0.6 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கும். நடுவில் விழ வேண்டியது 10.7-ஆகலாம். சர்வதேச அளவில் அது பெரிய நஷ்டம். ஆனால் எட்டும் ஒன்பதும் சுடுகிறவருக்கு ரைபிளே ஐந்து, ஏழு மில்லிமீட்டர் அலைகிறது. அந்த அலைச்சலைக் குறைப்பது ஸ்டாக்கும் நிற்கும் முறையும்தான். ஜெர்மன் பேரல் குறைக்காது. அதனால் முதல் ரைபிளில் 'எது துல்லியம்' என்பதைவிட 'எது என் உடம்புக்குப் பொருந்தும்' என்று கேட்பதே சரி.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேல் போகாத ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. 0.53 கிராம் பெல்லட் 170 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் எட்டு ஜூலைக்கூடத் தொடாது. 'பவர் ஏற்றித் தருகிறேன்' என்று சொல்லும் மெக்கானிக்கிடம் ரைபிளைக் கொடுக்கவே கூடாது. காகிதத்தில் துளை போட இந்த எட்டு ஜூலே தாராளம், ஏற்றினால் சட்டமும் துல்லியமும் சேர்ந்து போகும். அடையாளச் சான்று, முகவரிச் சான்று கொடுத்து பில் வாங்குங்கள். பழையது வாங்கினாலும் எழுத்தில் வாங்குங்கள், பாடியில் இருக்கும் வரிசை எண்ணைக் குறித்து. வெளிநாட்டு ரைபிள் என்றால் அது எப்படி நாட்டுக்குள் வந்தது என்பதற்கான தாளையும் கேளுங்கள். தாள் இல்லாத ரைபிள் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

கடையில் பேரலை மடக்கி லோடு செய்யும் ஸ்பிரிங் ரைபிள் குறைந்த விலையில் கிடைக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது பீப் சைட் (டயாப்டர் வைத்துச் சுடும்) போட்டிக்கு உதவாது. பிஸ்டன் முன்னே பாய்ந்து நிற்கும்போது வரும் உதறல், பெல்லட் பேரலை விட்டு வெளியேறும் முன்பே ஆரம்பித்துவிடும். மாநிலப் போட்டிகளில் ஓபன் சைட் (டயாப்டர் இல்லாத சாதாரண சைட்) பிரிவு இருக்கிறது. அதில் ஆரம்பிக்கிறவருக்கு அது ஒரு படி, அவ்வளவுதான். ஃபைன்வெர்க்பாவ் 300 எஸ் மாதிரிப் பழைய மேட்ச் ஸ்பிரிங் ரைபிள்கள் வேறு ஜாதி. ஆக்‌ஷனே ஸ்டாக்கின் மேல் சறுக்கிப் பின்னால் போய் உதறலை விழுங்கிவிடும். நல்ல நிலையில் கிடைத்தால் பழக அருமையானது. ஆனால் அதை நடுவில் வைத்துப் புது ஸ்டாக், புது சைட் என்று செலவு செய்யாதீர்கள். இன்னொன்று: ஸ்பிரிங் ரைபிளில் பெல்லட் இல்லாமல் டிரிகர் இழுத்தால் பிஸ்டன் நேராக முட்டி சீல் உடையும். ஆனால் வீட்டில் டிரை ஃபயர் (பெல்லட் இல்லாமல் டிரிகர் இழுக்கும்) பயிற்சியே பாதிப் பயிற்சி. பெரும்பாலான பிசிபி (சிலிண்டரில் முன்பே நிரப்பிய காற்றால் சுடும்) மேட்ச் ரைபிள்களில் அதற்கென்றே ஒரு ஸ்விட்ச் இருக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே பிசிபி வாங்கலாம்.

பழைய பிசிபி வாங்குவதுதான் நம் ஊரில் பெரும்பாலோர் வழி. வால்தர் எல்ஜி 300, எல்ஜி 400, ஃபைன்வெர்க்பாவ் 700, 800, அன்ஷூட்ஸ் 8002, 9015, ஸ்டெயர் ஆகியவை கைமாறி வரும். இவற்றில் எதுவும் உங்களைவிட மோசமாகச் சுடாது. பார்க்க வேண்டியவை வேறு.

முதலில் சிலிண்டர். அதன் மேல் தயாரித்த தேதி பொறித்திருக்கும். பெரும்பாலான கம்பெனிகள் பத்து வருடம்தான் ஆயுள் சொல்கின்றன. தேதி தாண்டாத சிலிண்டரோடு வருவது வீரரின் பொறுப்பு என்று ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பு) விதியே சொல்கிறது. ரைபிள் மலிவாகக் கிடைக்கிறது என்றால் பாதி நேரம் காரணம் இதுதான்: சிலிண்டர் எட்டு, ஒன்பது வயதைத் தொட்டிருக்கும். புது சிலிண்டர் விலையை ரைபிள் விலையோடு கூட்டிப் பிறகு பேரம் பேசுங்கள். எல்லாமே 200 பார் தானே, ஒன்றினுடையது இன்னொன்றில் ஏறாதா என்று நினைக்க வேண்டாம். கம்பெனிக்குக் கம்பெனி மரை வேறு, நிரப்பும் அடாப்டரும் வேறு. ஏறுகிற மாதிரி இருந்து பாதியில் இறுகும் மரையை வலுக்கட்டாயமாகத் திருகுவது உயிருக்கு ஆபத்து. 200 பார் என்பது கார் டயர் காற்றைப் போல சுமார் நூறு மடங்கு.

அடுத்து கசிவு. சிலிண்டரை நிரப்பி, ரைபிளில் மாட்டி, மானியில் அளவைக் குறித்து, ஒரு இரவு அப்படியே வையுங்கள். காலையில் முள் நகர்ந்திருந்தால் எங்கோ ஓ-ரிங் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) போயிருக்கிறது. வெளியே தெரியும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு வைத்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஓ-ரிங் சின்னச் செலவுதான், சர்வீஸ் கிட் கிடைக்கும். ஆனால் விற்பவர் 'அது எல்லாத்துலயும் அப்படித்தான்' என்று சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்றாவது ரெகுலேட்டர். கிளப்பில் குரோனோகிராஃப் இருந்தால் இருபது ஷாட் போட்டு வேகத்தை எழுதுங்கள். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் நடுவே 3 மீட்டருக்குள் இருந்தால் நன்று. பிறகு பத்து நிமிடம் சும்மா வைத்துவிட்டு ஒரே ஒரு ஷாட். அந்த முதல் ஷாட் மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி நின்றால், ரெகுலேட்டர் சீல் வழியாகக் காற்று மெல்ல ஊறுகிறது என்று பொருள். போட்டியில் சைட்டர் (கணக்கில் சேராத சோதனை ஷாட்) முடித்து மூச்சு வாங்கி நின்று போடும் முதல் ஷாட் ஒவ்வொரு முறையும் மேலே போவதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். பல பேர் அதற்குத் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள்.

கடைசியாகத்தான் பேரல். ரைபிளை ஸ்டாண்டில் கட்டி அல்லது மணல் பையில் தாங்கவைத்து, மூன்று நான்கு வகை பெல்லட்டில் பத்துப் பத்தாகச் சுட்டுப் பாருங்கள். ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச், ஜேஎஸ்பி போன்றவை. பத்து பெல்லட்டும் ஒரே துளைபோல விழ வேண்டும். வெளி விளிம்பு முதல் வெளி விளிம்பு வரை ஆறு, ஆறரை மில்லிமீட்டர் வந்தால் கவலை இல்லை. ஒரு பெல்லட்டில் விரிந்து இன்னொன்றில் ஒடுங்கினால் பேரலில் குறை இல்லை, பெல்லட்தான் ஒத்துப்போகவில்லை. ஹெட் அளவு 4.49, 4.50 என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். ஒத்துப்போன அளவையும் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணையும் எழுதிவைத்து, அதே லாட்டில் பத்து டப்பாவாவது சேர்த்து வாங்குங்கள்.

இனி பாகம் சேர்ப்பவர்களின் கணக்கு. ஆக்‌ஷன், ஸ்டாக் இரண்டின் விலையைத்தான் சொல்வார்கள். அதற்கு மேல் வருவது: சிலிண்டர், நிரப்பும் அடாப்டர், டயாப்டர், முன் சைட் டனல், அதற்குள் போடும் வளையங்கள், சைட்டை உயர்த்தும் பிளாக், பட் பிளேட் (தோளில் பதியும் தகடு), கிரிப், கை தாங்கும் கட்டை, எடைகள், பெட்டி. ஒவ்வொன்றும் சின்னதாகத் தெரியும். கூட்டினால் நல்ல பழைய ரைபிள் ஒன்றின் விலையைத் தொட்டுவிடும். மேலும் எல்லாம் எல்லாவற்றோடும் சேராது. சைட்டுகள் பரவாயில்லை; பெரும்பாலானவை 11 மில்லிமீட்டர் ரெயிலில் ஏறும். முன் சைட் வளையங்களில் எம்18, எம்22 என்று இரண்டு அளவு புழக்கத்தில் உண்டு, மாற்றி வாங்கினால் வீண். ஸ்டாக்தான் சிக்கல். ஃபைன்வெர்க்பாவ் ஆக்‌ஷனுக்குக் குடைந்த ஸ்டாக்கில் வால்தர் உட்காராது. மெக் போன்ற கம்பெனிகளின் அலுமினிய ஸ்டாக் வாங்கும்போது எந்த ஆக்‌ஷனுக்கு என்று சொல்லியே வாங்க வேண்டும். ஃபைல் வைத்து ராவிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஆக்‌ஷனை ஸ்டாக்கில் பூட்டும் வேலை எளிதுதான், அலட்சியம் கூடாது, அவ்வளவே. சிலிண்டரைக் கழற்றி, பெல்லட் இல்லை என்று திறந்து பார்த்து உறுதி செய்த பிறகே ஆரம்பிக்க வேண்டும். உட்காரும் இடத்தில் தூசு, பழைய கிரீஸ் இருக்கக் கூடாது. திருகுகளை விரலால் கடைசிவரை கொண்டுபோய், பிறகு டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து திருகும் ஸ்பேனர்) கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஆக்‌ஷன் சற்றே கோணி உட்காரும். மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே அளவு. இன்று ஒரு இறுக்கம் நாளை ஒரு இறுக்கம் என்றால் சைட் ஜீரோ (பெல்லட் நடுவில் விழும்படி சைட்டை வைத்த அளவு) நகரும், நீங்கள் பெல்லட்டைக் குறை சொல்வீர்கள். ஆக்‌ஷனுக்குள்ளே, டிரிகருக்குள்ளே, ரெகுலேட்டருக்குள்ளே கை வைக்க வேண்டாம்; அது சர்வீஸ் ஆளின் வேலை. கட்டி முடித்ததும் ஐஎஸ்எஸ்எஃப் அளவுக்குள் இருக்கிறதா பாருங்கள்: எல்லாம் சேர்த்து எடை 5.5 கிலோவுக்குள், ஆக்‌ஷனின் பின்முனை முதல் பேரல் டியூபின் முன்முனை வரை 850 மில்லிமீட்டருக்குள்.

பாகம் சேர்ப்பதே சரி என்று சொல்லக்கூடிய ஆட்கள் இருக்கிறார்கள். இடதுகைக்காரர்கள் அதில் முதல்; பழைய சந்தையில் இடதுகை ஸ்டாக்கோடு முழு ரைபிள் கிடைப்பது அரிது, இரு பக்கமும் ஒத்துப்போகும் அலுமினிய ஸ்டாக்கே கைகொடுக்கும். ரொம்ப உயரமானவர்கள், கழுத்து நீண்டவர்கள் அடுத்து. நல்ல ஆக்‌ஷனை நன்கு தெரிந்தவரிடமிருந்து வாங்க வாய்ப்பு உள்ளவர்களும் யோசிக்கலாம். பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பெரியவர்களுக்கான ஐந்து கிலோ ரைபிளைக் கட்டிக் கொடுக்காதீர்கள். வளர்ந்த பிறகு பொருந்தும் என்று முன்கூட்டியே வாங்குவது பள்ளிச் சட்டைக்குச் சரி. முதுகை வளைத்து எடையைத் தாங்கப் பழகிய பிள்ளையை நேராக நிற்கவைக்கக் கோச்சுக்கு ஒரு வருடம் ஆகும், முதுகு வலியும் மிஞ்சும். நான்கு கிலோவுக்குக் கீழே இருக்கும் ஜூனியர் மாடல் வாங்குங்கள். வளர்ந்ததும் விற்றுவிடலாம், வாங்க ஆள் வரிசையில் நிற்பார்கள்.

உடம்புக்குப் பொருத்துவது எப்படி? ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான். ஜாக்கெட் இல்லாமல் வைத்த அளவு ஜாக்கெட்டோடு ஒரு விரற்கடை மாறும். (ரைபிளுக்கு முன்னால் ஜாக்கெட்டும் ஷூவும் வாங்குவதே நல்ல வரிசை. கிளப்பில் ரைபிள் கிடைக்கும், உங்கள் அளவு ஜாக்கெட் கிடைக்காது. வாங்கும் முன் தடிமன், விறைப்பு பற்றிய அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) தாங்கும் கையின் முழங்கை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும், ரைபிளின் எடை எலும்பு வழியே பாதத்துக்கு இறங்க வேண்டும். தோள் தசை நடுங்கினால் கை தாங்கும் கட்டையைக் கீழ்நோக்கி நீட்டுங்கள். பட் பிளேட்டின் நீளம், ஆள்காட்டி விரலின் முதல் கணு டிரிகரில் நேர் கோணத்தில் படும்படி. தலை நிமிர்ந்தே இருக்க வேண்டும்; கண்ணை மூடி, கன்னத்தை சீக் பீஸில் சாய்த்து, கண்ணைத் திறந்தால் டயாப்டரின் துளை நேர் எதிரே இருக்க வேண்டும். கழுத்தை நீட்டித் தேடினால் சீக் பீஸ் தவறு, அல்லது சைட் தாழ்வு. பிளாக் வைத்து சைட்டை உயர்த்துவது இதற்காகத்தான்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பிறகு குறைந்தது இருநூறு ஷாட் கொடுங்கள். ஒரே நாளில் பட் பிளேட், கிரிப், சீக் பீஸ் மூன்றையும் நகர்த்தினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

முன் சைட் வளையத்தில் பெரும்பாலோர் செய்யும் தவறு, சிறியதாக எடுப்பது. டார்கெட்டின் கறுப்பு 30.5 மில்லிமீட்டர், கண்ணிலிருந்து சுமார் 85 சென்டிமீட்டரில் இருக்கும் முன் சைட்டில் அது 2.6 மில்லிமீட்டராகத் தெரியும். 3.2 மில்லிமீட்டர் வளையம் போட்டால் கறுப்பைச் சுற்றிக் கீற்றுபோல வெள்ளை. ஒவ்வொரு அசைவும் பெரிதாகத் தெரிந்து, 'இப்போது' என்று டிரிகரைப் பிடுங்கவைக்கும். 4.0 முதல் 4.4 வரை போட்டுப் பாருங்கள். வெள்ளை தாராளமாக இருந்தால் கண் தானாகவே நடுவை வைத்துக்கொள்ளும்.

காற்று நிரப்புவது தனிச் செலவு, தனிப் பொறுப்பு. சுவாசத்துக்கு ஏற்ற உலர்ந்த அழுத்தக் காற்று மட்டும். ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து ஒருபோதும் நிரப்பாதீர்கள். அந்த அழுத்தத்தில் துளி எண்ணெய் போதும், வெடிக்கும். மரையில் எண்ணெயும் தடவக் கூடாது. கிளப்பில் டைவிங் டேங்க் இருந்தால் நல்லது. பத்து லிட்டர் டேங்க் 200 பாரில் இருந்தால், 0.2 லிட்டர் ரைபிள் சிலிண்டரை 70 பாரிலிருந்து நிரப்பும்போது இரண்டும் 197-க்குப் பக்கத்தில் சமமாகும். அடுத்த முறை இன்னும் இரண்டரை பார் குறைவு. பத்து முறையில் 177 வாக்கில் வந்துவிடும். ரெகுலேட்டருக்கு அது போதும், ஷாட் எண்ணிக்கைதான் குறையும். வால்வை மெல்லத் திறந்து, ஒரு நிமிடமாவது எடுத்து நிரப்புங்கள். வேகமாக நிரப்பினால் சூடாகி முள் 200 காட்டும், ஆறியதும் 185-க்கு வந்து நிற்கும். கைப் பம்பு வைத்திருப்பவர்கள் சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் ஈரத்தைக் கவனிக்க வேண்டும்: ஈரம் உறிஞ்சும் குழாய் இல்லாமல் அடித்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்ச் சேரும். வெயிலில் நிறுத்திய காரில் நிரம்பிய சிலிண்டரை விடாதீர்கள்.

பெல்லட் கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். ஒரு பயிற்சிக்கு சைட்டரோடு எண்பது; வாரம் நான்கு நாள் என்றால் முந்நூற்று இருபது. ஐம்பது வாரத்துக்குப் பதினாறாயிரம், அதாவது ஐந்நூறு பெல்லட் கொண்ட டப்பா முப்பத்திரண்டு. இந்தப் பணம் ஒதுக்காமல் ரைபிளில் எல்லாவற்றையும் கொட்டியவர்கள், நல்ல ரைபிளை வைத்துக்கொண்டு மட்டமான பெல்லட் சுடுகிறார்கள். பெல்லட் ஈயம், சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே டீயும் பிஸ்கட்டும்.

வீட்டில் ரேஞ்ச் அமைக்கிறவர்கள்: சுடும் இடத்துக்கும் டார்கெட்டுக்கும் நடுவே கதவு, சந்து எதுவும் திறக்கக் கூடாது. டார்கெட்டுக்குப் பின்னால் கீழ் நோக்கிச் சாய்ந்த இரும்புத் தகடு வைத்த பெல்லட் பெட்டி, அதற்கும் பின்னால் சுவர். டார்கெட்டில் 1500 லக்ஸ் வெளிச்சம். சுடாத நேரமெல்லாம் பேரலில் நிறமான பாதுகாப்புக் கயிறு, ரைபிளும் பெல்லட்டும் வேறு வேறு பூட்டில்.

ரைபிள் கைக்கு வந்த முதல் நாளே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பட் பிளேட் நீளம், உயரம், சீக் பீஸ் உயரம், கிரிப் தூரம், கை தாங்கும் கட்டையின் இடம், டிரிகர் எடை, வளைய எண், சிலிண்டர் தேதி. அளவுகோல் பொறித்திருக்கும் இடத்தில் எண்ணை எழுதுங்கள், இல்லாத இடத்தில் மெல்லிய மார்க்கர் கோடு போட்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்து அந்த நோட்டை விரித்தால், எந்த எண் ஆறு மாதமாக நகரவே இல்லை, எது பாகத்தின் கடைசி முனையில் முட்டிக்கொண்டு இன்னும் போக இடமில்லாமல் நிற்கிறது என்று தெரியும். முட்டிக்கொண்டு நிற்கும் பாகத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.